லாரி விபத்தும் உங்கள் கணக்கு நோட்டும்

கேள்வி: ஐயா, நாங்கள் பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கிறோம். என் கணவரும் கொழுந்தனாரும் சேர்ந்து செகண்ட் ஹேண்டில் ஒரு பத்து டயர் லாரி வாங்கியிருக்கிறார்கள். கொழுந்தனார்தான் ஓட்டுகிறார். பீன்யாவில் லோடு ஏற்றி சேலம், நாமக்கல், சில சமயம் புனே வரை வண்டி போகிறது. வரவு செலவுக் கணக்கு எழுதுவது நான். சமீபத்தில் எங்களுக்குத் தெரிந்தவருடைய லாரி தொப்பூர் இறக்கத்தில் முன்னால் போன வண்டியில் மோதிவிட்டது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. காரணம் கேட்டால் ஒருவர் டிரைவர் தூங்கிவிட்டார் என்கிறார், இன்னொருவர் பிரேக் பிடிக்கவில்லை என்கிறார், மாமியார் திருஷ்டி என்கிறார். பெரிய லாரிகள் விபத்தில் சிக்குவதற்கு உண்மையான காரணங்கள் என்ன? வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாத நான் வீட்டிலிருந்து என்ன செய்ய முடியும்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெங்களூரு

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்கிறீர்கள். கணக்கு எழுதுவது நான்தான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். லாரி விபத்தைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. நான் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயர். அடிபட்ட வண்டி ஸ்டேஷன் வாசலிலோ ஷெட்டிலோ நிற்கும்போது போய்ப் பார்த்து, சேதம் எவ்வளவு, எப்படி நடந்திருக்கும் என்று ரிப்போர்ட் கொடுப்பது என் பிழைப்பு. ஓசூர் ரோடு, துமகூரு ரோடு, ஹொஸ்கோட்டை என்று பெங்களூரைச் சுற்றித்தான் பெரும்பாலும் வேலை. கடைசி இரண்டு வினாடியில் டிரைவர் ஏதோ ஒரு தப்பு செய்திருப்பார், நிஜம்தான். ஆனால் அதற்கு முன்பே நாலைந்து முடிவுகள் எடுத்தாகியிருக்கும். அதில் முக்கால்வாசி, பணத்தை மிச்சம் பிடிக்க எடுத்த முடிவுகள். அவை ஏதாவது ஒரு ரூபத்தில் உங்கள் நோட்டில் ஏறியிருக்கும்.

போலீஸ் பதிவில் இது தெரியாது. எந்த எஃப்.ஐ.ஆரை எடுத்தாலும், ஓசூரில் தமிழில் எழுதியது ஆகட்டும், அத்திபெலேயில் கன்னடத்தில் எழுதியது ஆகட்டும், அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டியதால் என்கிற வரிதான் இருக்கும். அந்த வரிகளைக் கூட்டித்தான் டெல்லியில் புள்ளிவிவரம் போடுகிறார்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள், 1,68,491 சாவுகள். விபத்துகளில் சுமார் 72 சதவீதத்துக்கு அதிவேகம் காரணம் என்று போட்டிருக்கிறது. குடி 3 சதவீதத்துக்கும் கீழே. இது எல்லா வண்டிகளுக்கும் சேர்த்த கணக்கு. கூடுதலாக ஏற்றின லோடு, தேய்ந்த பிரேக் லைனிங், முழித்திருந்த ராத்திரி எல்லாம் அந்த 'அதிவேகம்' என்ற கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கின்றன. காலி லாரிக்குச் சமதளத்தில் 60 கிலோமீட்டர் நிதானமான வேகம். முழு லோடோடு மலை இறங்கும்போது அதே 60 ஆளைக் கொல்லும்.

உங்களைத் தூங்கவிடாத தொப்பூரையே முதலில் எடுத்துக்கொள்வோம். தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் போகும்போது அது நீண்ட இறக்கம், நடுவில் வளைவுகள், அப்புறம் அந்த இரட்டைப் பாலம். 2024 ஜனவரியில் அந்தப் பாலத்தில் நடந்த விபத்தின் கேமரா காட்சி எல்லார் போனிலும் வந்தது. நான்கு பேர் இறந்தார்கள். அங்கே நடக்கிற விபத்துகளில் அடிக்கடி அடிபடும் பேச்சு பிரேக் ஃபெயிலியர். ஆனால் பிரேக் தானாக ஃபெயில் ஆவது அபூர்வம். இறக்கம் முழுக்க அதை மட்டுமே நம்பி வந்தால் அது கைவிடும்.

லாரி பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன், பின்னால் பேசுவதற்கு உதவும். பத்து டயர் லாரிக்கு மூன்று ஆக்சில் (சக்கர அச்சு), ஆறு பிரேக் டிரம். டிரைவர் பெடலை மிதித்தால் டேங்க்கில் அடைத்து வைத்திருக்கிற காற்று போய் லைனிங்கை டிரம்மோடு அழுத்தும். உரசலில் வேகம் குறையும், அந்த வேகமெல்லாம் சூடாக மாறும். இறக்கத்தில் பெடலை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் கொதிக்கும், விரிந்து லைனிங்கை விட்டு விலகும், லைனிங் பிடிமானத்தை இழக்கும். அந்த நிலைமையில் எவ்வளவு பலமாக மிதித்தாலும் பிடிக்காது. அதனால்தான் மலை இறங்கும்போது எந்த கியரில் ஏறுவோமோ அந்த கியரில் இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். கியரில் இருந்தால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். எஞ்சின் புகை வெளியேறுவதை அடைத்து வேகத்தைக் குறைக்கிற எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தால் இன்னும் நல்லது. பெடலுக்கு வேலை குறைவு, டிரம் ஆறியே இருக்கும்.

ஆனால் பலர் செய்வது நேர் எதிர். இறக்கம் வந்ததும் கியரை எடுத்து நியூட்ரலில் விட்டு உருட்டுகிறார்கள். சிலர் எஞ்சினையே அணைத்துவிடுகிறார்கள். டீசல் மிச்சமாம். எஞ்சின் அணைந்தால் காற்று நிரப்பும் கம்ப்ரசரும் நின்றுபோகும், பவர் ஸ்டியரிங்கும் கல் மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு மிதிக்கும் டேங்க்கில் இருக்கிற காற்று குறைந்துகொண்டே வரும். 2022 நவம்பரில் புனே நவலே பாலத்தருகே ஒரு லாரி 48 வண்டிகளை அடித்துத் தள்ளியது நினைவிருக்கலாம். இறக்கத்தில் டீசலை மிச்சம் பிடிக்கப் பார்த்ததுதான் காரணம் என்று அப்போது விசாரணையில் பேசப்பட்டது. உங்கள் வண்டி புனே போகிறது என்றால் கட்ராஜ் தாண்டி அந்த இறக்கத்தில்தான் இறங்க வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால் அந்த மிச்சமே பெரும்பாலும் பொய். டீசல் போவதை கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துகிற காமன் ரெயில் எஞ்சின் வந்த பிறகு, கியரில் வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் டீசல் குடித்துக்கொண்டிருக்கும். அப்படியும் ஏன் செய்கிறார்கள்? பல முதலாளிகள் டிரிப்புக்கு இத்தனை லிட்டர் என்று கட்டி, மிச்சமானால் டிரைவருக்கு, அதைவிடக் கூடுதலாகச் செலவானால் சம்பளத்தில் பிடித்தம் என்று வைத்திருக்கிறார்கள். அது இருக்கிற வரை இறக்கத்தில் கை தானாக நியூட்ரலுக்குப் போகும். உங்கள் வீட்டில் முதலாளியும் டிரைவரும் ஒரே குடும்பம். ஆனாலும் 'போன டிரிப்பை விட பதினைந்து லிட்டர் அதிகமாகியிருக்கே' என்று நோட்டைப் பார்த்து நீங்கள் கேட்கிற ஒரு கேள்வி அதே வேலையைச் செய்துவிடும். மைலேஜ் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மாதக் கணக்காகப் பாருங்கள், ஒரு டிரிப்பை வைத்துக் கேட்காதீர்கள்.

இப்படி அடிபட்ட ஒரு வண்டியைக் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு ஷெட்டில் கழற்றிப் பார்த்தோம். பின் டிரம்கள் இரண்டில் உள்பக்கம் நீலம் பாய்ந்திருந்தது, மயிரிழை வெடிப்புகள் வேறு. லைனிங் கருகிப் பளபளவென்று வழுக்கலாக இருந்தது. மற்ற நாலு டிரம்மைத் திறந்தால் லைனிங் புதுசு மாதிரியே இருக்கிறது. சந்தோஷப்படுகிற விஷயமில்லை. அந்த நாலிலும் அட்ஜஸ்ட்மென்ட் தளர்ந்துபோய் லைனிங் டிரம்மையே தொடவில்லை. ஆறு டிரம் செய்ய வேண்டிய வேலையை இரண்டே இரண்டு செய்து எரிந்துபோயிருக்கின்றன. காற்று குறைந்தால் கத்துகிற பஸ்ஸரின் வயரையும் யாரோ முன்பே பிடுங்கிவிட்டிருந்தார்கள், தொல்லையாக இருக்கிறதாம். பிரேக் டைட் வைக்க, அதாவது தளர்ந்த அந்த அட்ஜஸ்ட்மென்ட்டைச் சரிசெய்ய, மெக்கானிக்குக் கொடுக்கிற கூலி பெரிய காசில்லை. அது உங்கள் நோட்டில் எத்தனை நாளுக்கு ஒரு தடவை வருகிறது என்று புரட்டிப் பாருங்கள். வாங்கினதிலிருந்து ஒரு தடவை கூட இல்லை என்றால் இந்த வாரமே செய்யச் சொல்லுங்கள். ஏர் டேங்க்கில் சேர்கிற தண்ணீரையும் வடிக்கச் சொல்லுங்கள், அதற்குக் காசே வேண்டாம்.

அடுத்தது தூக்கம். இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாரும் இதை டிரைவரின் குணம் போலப் பேசுகிறார்கள்.

தூங்கி மோதிய வண்டியை இடத்தில் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். ரோட்டில் டயர் தேய்ந்த கோடு இருக்காது. பிரேக்கே போடாமல் நேராகப் போய் நின்ற வண்டியிலோ டிவைடரிலோ மோதியிருக்கும். நேரம் பெரும்பாலும் ராத்திரி இரண்டிலிருந்து விடிகாலை ஐந்துக்குள், இல்லாவிட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. 70 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி வினாடிக்கு 19 மீட்டருக்கு மேல் நகரும். மூன்று வினாடி கண் அசந்தால் 58 மீட்டர் யாரும் ஓட்டாத வண்டி போகிறது. கண்ணைத் திறந்துகொண்டே மூளை அசந்துபோவதும் உண்டு. நான் தூங்கவே இல்லை சார் என்று டிரைவர் சத்தியம் செய்வார், பொய்யும் சொல்லவில்லை.

பீன்யா லோடு எப்படி நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். காலையில் பத்து மணிக்கு வண்டி கேட்டில் நிற்க வேண்டும் என்பார்கள். நிற்கும். முறை வர மத்தியானம் ஆகும். ஏற்றி முடித்து, தார்ப்பாய் கட்டி, பில் கைக்கு வரச் சாயங்காலம். பகலில் பெரிய வண்டிகளுக்கு நகருக்குள் தடை, சாயங்காலம் ரோட்டில் எறும்பு நுழைய இடமில்லை. நைஸ் ரோடு பிடித்து ஓசூர் ரோட்டுக்கு வந்து அத்திபெலே தாண்டும்போது ராத்திரி பதினொன்று. சேலத்துக் கோடவுனில் விடிந்ததும் இறக்க வேண்டும் என்று போன் வேறு. ஓட்டியது என்று பார்த்தால் ஆறேழு மணி நேரம்தான். ஆனால் அந்த மனிதர் காலை ஆறு மணிக்கு எழுந்தவர். கேட்டில் காத்திருந்த நேரத்தில் கேபினில் வெந்துகொண்டுதான் இருந்திருப்பார், தூங்கியிருக்க மாட்டார். 2025 அக்டோபர் முதல் தேதியிலிருந்து தயாராகிற லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். உங்கள் பழைய வண்டிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

2025 நவம்பர் வரை இருந்த 1961-ஆம் வருஷ மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காமல் நடுவில் அரை மணி ஓய்வு தர வேண்டும் என்றும் சொன்னது. அந்தச் சட்டம் ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களுக்கானது, ஒற்றை லாரிக் குடும்பத்தின் கதவை யாரும் வந்து தட்டியதில்லை. ஆனால் அளவு நல்ல அளவு. பில்லுக்கு நேரமாகிவிடும், அதனால்தான் ஓடுகிறோம் என்று கொழுந்தனார் சொன்னால் நம்பாதீர்கள். சரக்கோடு போகிற ஜி.எஸ்.டி. அனுமதிச் சீட்டான ஈ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் தருகிறது. புனே போக ஐந்து நாள் கிடைக்கும். அவசரம் அரசாங்கத்திடமிருந்து வருவதில்லை. சரக்கு வாங்குகிறவரிடமிருந்தும், அடுத்த லோடைப் பிடிக்கிற ஆசையிலிருந்தும் வருகிறது. அந்த ஆசை டிரிப் பேட்டாவில்தான் ஊறுகிறது. டிரிப்புக்கு இவ்வளவு என்று கொடுத்தால் மாதத்தில் எத்தனை டிரிப் அடிக்கலாம் என்றுதான் மனசு கணக்குப் போடும். நாளுக்கு இவ்வளவு என்று மாற்றுங்கள். கேட்டில் காத்துக் கிடந்த நாளுக்கும் உண்டு என்று சொல்லுங்கள். வீட்டு ஆள்தானே, பங்குதானே என்று விடாதீர்கள். பங்காளிக்கும் பேட்டா உண்டு.

ஃபாஸ்டேக் கணக்கோடு எந்த போன் நம்பரைக் கொடுத்திருக்கிறீர்கள்? உங்கள் நம்பராக மாற்றிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டோலுக்கும் எஸ்.எம்.எஸ். வரும். அத்திபெலே, கிருஷ்ணகிரி, பாளையம், ஓமலூர். நாங்கள் விபத்துக்குப் பிறகு அதே டோல் நேரங்களை வரிசையாக எழுதிப் பார்த்துத்தான் டிரைவர் எங்கேயாவது நின்றாரா என்று கண்டுபிடிக்கிறோம். நீங்கள் விபத்துக்கு முன்னாலேயே பார்க்கலாம். புனேயிலிருந்து திரும்பும்போது ராத்திரி முழுக்க டோல் டோலாக எஸ்.எம்.எஸ். வந்துகொண்டே இருந்தால், வண்டி எங்கேயும் நிற்கவில்லை என்று அர்த்தம். ஓட்டிக்கொண்டிருக்கிறவருக்குப் போன் போட்டு ஏன் நிற்கவில்லை என்று கேட்காதீர்கள், அது இன்னொரு ஆபத்து. வந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

ஓவர்லோடு பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, டன்னுக்கு இவ்வளவு என்று வாடகை பேசுகிற தொழிலில் அது இல்லாமல் இருக்காது. 2018-ல் மத்திய அரசு ஆக்சில் எடை வரம்பை 20-25 சதவீதம் வரை உயர்த்தியது. அப்போதும் அதற்கு மேல் ஏற்றினார்கள். பிடிபட்டால் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். இதை மாமூல் செலவு போல நோட்டில் எழுதுகிற முதலாளிகள் உண்டு. அபராதத்தை விடுங்கள், நிற்கிற தூரத்தைப் பாருங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில், காய்ந்த ரோட்டில், நல்ல பிரேக் உள்ள லோடு லாரி, டிரைவர் ஆபத்தைப் பார்த்த நொடியிலிருந்து முழுசாக நிற்க நூறு மீட்டர் வேண்டும். கார் எழுபதில் நின்றுவிடும். இதனால்தான் முன்னால் போன கார் சட்டென்று நின்றால் லாரி போய் மோதுகிறது. பிரேக்கின் சக்தி அதேதான், எடை மட்டும் கூடினால் அந்த நூறு இன்னும் நீளும். மழையில் கேட்கவே வேண்டாம்.

எடையை விடக் குறைவாகப் பேசப்படுவது உயரமும் கட்டும். 2024 டிசம்பரில் நெலமங்கலா பக்கம் துமகூரு ரோட்டில் ஒரு கன்டெய்னர் லாரி டிவைடரைத் தாண்டி வந்து கார் மேல் கவிழ்ந்து ஒரே குடும்பத்தில் ஆறு பேர் போனார்கள். முன்னால் இருந்த வண்டியில் மோதாமல் இருக்க ஸ்டியரிங்கை ஒடித்ததாக டிரைவர் சொன்னார். உயரமான லோடு வண்டியை அந்த வேகத்தில் ஒடித்தால் அது திரும்பாது, சாயும். கன்டெய்னரின் நாலு மூலைப் பூட்டையும் போடாமல் போகிறவர்களைத் துமகூரு ரோட்டில் எப்போதும் பார்க்கலாம். அரை டேங்க் நிரம்பிய டேங்கர் இன்னும் மோசம், உள்ளே இருக்கிற திரவம் வளைவில் ஒரு பக்கமாகப் போய் மோதும். உங்கள் வண்டி என்ன ஏற்றுகிறது என்று நீங்கள் எழுதவில்லை. பீன்யா என்றால் இரும்புத் தகடு, சுருள், மெஷின் பாகங்களாக இருக்கலாம். அப்படியென்றால் கயிறும் தார்ப்பாயும் போதாது. செயினும் பெல்ட்டும் அடியில் மரக்கட்டை முட்டும் வேண்டும். சடன் பிரேக் அடித்தால் சுருள் நிற்காது, கேபினைப் பிளந்துகொண்டு முன்னால் வரும். அந்த மாதிரி கேபின்களை நான் பார்த்திருக்கிறேன், விவரிக்க வேண்டாம்.

டயர் பற்றிச் சுருக்கமாக. முன் டயர் இரண்டும் ரீட்ரேட் (தேய்ந்த டயர் மேல் புது ரப்பர்) போட்டதாக இருக்கக் கூடாது. முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங் கையில் நிற்காது. பின்னால் ஜோடி டயர்களில் உள் டயர்தான் ஏமாற்றும், காற்று இறங்கியிருந்தாலும் வெளி டயர் தாங்கிக்கொண்டிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. டீக்கடையில் நிற்கும்போது டிரைவர்கள் ராடால் ஒவ்வொரு டயரையும் தட்டிக் காது கொடுப்பார்களே, அது சும்மா பழக்கமில்லை. செகண்ட் ஹேண்ட் வண்டி என்பதால் இன்னொன்று: டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-வது வாரம் செய்தது. வண்டி வீட்டுக்கு வரும்போது பத்தையும் பார்த்து நோட்டில் எழுதிவையுங்கள். பட்டன் (தேயாமல் இருக்கிற ரப்பர் வெட்டு) இருக்கிறது என்று விற்றவர் சொல்லியிருப்பார், வயதைச் சொல்லியிருக்க மாட்டார்.

நோட்டில் இல்லாத ஒரு செலவைப் பற்றியும் கேட்கிறேன். கிளீனர் சம்பளம் இருக்கிறதா? ஒரு காலத்தில் கிளீனர் இல்லாமல் லாரி நகராது. இப்போது முக்கால்வாசி வண்டியில் டிரைவர் தனி ஆள். இதை ஒரு விபத்துக் காரணம் என்று யாரும் எழுதுவதில்லை, நான் எழுதுவேன். நம் ஊரில் டிரைவர் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார், அந்த உயரத்திலிருந்து இடப்பக்கக் கதவை ஒட்டி நிற்கிற ஸ்கூட்டர் அவருக்குத் தெரியவே தெரியாது. கே.ஆர். புரம் டின் ஃபேக்டரி பக்கமும் கொரகுண்டேபாளையா சிக்னலிலும் டூவீலர்கள் இடப்பக்கச் சந்தில் புகுந்து நிற்பதை தினமும் பார்க்கிறோம். லாரி இடது பக்கம் திரும்பும்போது முன் சக்கரம் போன வழியில் பின் சக்கரம் போகாது, உள்ளே வெட்டி வரும். கிளீனர் தலையை நீட்டிக் கதவைத் தட்டினால் வண்டி நிற்கும். தட்ட ஆளில்லை. ரிவர்ஸ் எடுக்கும்போதும் இதே கதைதான். ராத்திரியில் பேச்சுத் துணைக்கும் ஆளில்லை. கிளீனர் போடுகிற வசதி இல்லை என்றால் இடப்பக்கம் கூடுதலாக ஒரு வட்டக் கண்ணாடியும் ரிவர்ஸ் கேமராவுமாவது வையுங்கள். உங்கள் வீட்டில் ஸ்கூட்டர் ஓட்டுகிற பிள்ளைகள் இருந்தால் ஒன்று சொல்லிவையுங்கள்: லாரியின் சைடு மிரரில் டிரைவர் முகம் தெரியாத இடத்தில் நிற்காதே.

நின்ற லாரியால் நடக்கிற சாவுகளுக்கு லாரிக்காரர்கள் தங்களைப் பொறுப்பாகவே நினைப்பதில்லை. நான் ஓரமாகத்தானே நிறுத்தியிருந்தேன், அவன் வந்து முட்டினான் என்பார்கள். பின்னாலிருந்து மோதுகிற விபத்துகள் மொத்தத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. ராத்திரியில் டெயில் லேம்ப் எரியாத, வெளிச்சம் பட்டால் பளிச்சிடுகிற ஸ்டிக்கரில் சேறு படிந்த, நெடுஞ்சாலை லேனிலேயே பஞ்சராகி நிற்கிற லாரி பின்னால் வருகிறவனுக்குக் கடைசி நாற்பது ஐம்பது மீட்டரில்தான் தெரியும். நாலு கல்லும் ஒடித்த மரக்கிளையும் போட்டுவிட்டு ஜாக்கியைப் போடுகிறார்கள். வண்டி கிளம்பினதும் கல் அங்கேயே கிடக்கிறது, அடுத்து வருகிற பைக்குக்கு அதுவே எமன். மடக்கி வைக்கிற பளபளப்பு முக்கோணம் ஒன்று கேபினில் இருக்கட்டும், அதை வண்டிக்குப் பின்னால் நன்றாகத் தள்ளி வைக்க வேண்டும். பின்பக்க இரும்பு கார்டைச் சிலர் லோடு இறக்கும் மேடையில் இடிக்கிறது என்று மேலே வளைத்துவிடுவார்கள். கார் வந்து மோதினால் லாரிக்கு அடியில் புகாமல் தடுக்கத்தான் அந்த கார்டு. உங்கள் வண்டியில் அது நேராக இருக்கிறதா என்று வாசலில் நின்றே பார்க்கலாம்.

குடி, செல்போன், ராங் சைடு, மோசமான ரோடு இவற்றைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், நான் சேர்க்க ஒன்றுமில்லை. ஒரே ஒரு விஷயம். போனில் முக்கால்வாசி அழைப்பு வண்டி எங்கே இருக்கிறது என்று கேட்கிற முதலாளி, புக்கிங் ஆபீஸ், வீட்டு ஆள் மூவரில் ஒருவருடையது.

என் தொழில் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), பெர்மிட், டிரைவரின் லைசன்ஸ் மூன்றும் தேதியில் இருக்க வேண்டும். எட்டு வருஷம் தாண்டிய லாரிக்கு எஃப்.சி. வருஷா வருஷம். இவற்றில் ஒன்று விட்டுப்போயிருந்தால், அடிபட்டவர் குடும்பத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூல் செய்துகொள்ளலாம் என்று கோர்ட் சொல்லிவிடக்கூடும். அந்தத் தொகை லாரி விலையை விடப் பெரிதாக இருக்கும்.

கொழுந்தனாரிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்பதுதான் சிக்கல் என்று எனக்குப் புரிகிறது. உக்காந்து ஓட்டுறது நான், அண்ணிக்கு என்ன தெரியும் என்று வரும். உங்கள் கணவரையும் வைத்துக்கொண்டு பேசுங்கள், ஓட்டுகிற விதத்தைப் பற்றிப் பேசாதீர்கள். பேட்டா நாள் கணக்கு, பிரேக் டைட்டுக்கு மாதம் ஒரு தொகை, டயருக்கு டிரிப்புக்கு இவ்வளவு என்று ஒதுக்குவது, கேட்டில் காத்திருந்தால் சரக்குக்காரரிடம் ஹால்டிங் (காத்திருப்புக் கட்டணம்) கேட்பது என்று பணத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள். அதில் உங்களுக்குச் சொல்ல உரிமை இருக்கிறது, அவருக்கும் கோபம் வராது. லோடு இறக்க நேரம் பேசும்போது விடிகாலை வேண்டாம், பத்து மணிக்கு மேல் என்று பேசச் சொல்லுங்கள். இரண்டு மூன்று பார்ட்டி முகம் சுளிப்பார்கள். ஒத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்.

வண்டி எந்த வருஷ மாடல் என்று நீங்கள் எழுதவில்லை. ஆர்.சி.யில் தயாரிப்பு மாதம் வருஷம் இருக்கும், பாருங்கள். பலமாக மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற ஏ.பி.எஸ். பெரிய லாரிகளுக்குக் கட்டாயமானது 2015-ல். அதற்கு முந்திய வண்டி என்றால் அநேகமாக ஏ.பி.எஸ். இருக்காது, ஈர ரோட்டில் பலமாக மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி குறுக்கே போகும். அதற்குப் பிந்திய வண்டியானால் சாவி போட்டதும் டேஷ்போர்டில் ஏ.பி.எஸ். விளக்கு எரிந்து, கொஞ்சம் நகர்ந்ததும் அணைய வேண்டும். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தாலும், எரியவே இல்லை என்றாலும், மெக்கானிக்கிடம் காட்டாமல் அடுத்த லோடு ஏற்ற வேண்டாம்.